ஒரு காணொளி, பல உரிமையாளர்கள்: இணையப் படைப்பாளருக்கான சட்டக் காப்பின் அடிப்படைகள்

இந்தியாவில் ஒருவர் எழுதிய கட்டுரை, அமைத்த மெட்டு, எடுத்த நிழற்படம், தொகுத்த காணொளி ஆகியவற்றின் மீதான பதிப்புரிமை, அந்தப் படைப்பு தாளிலோ கோப்பிலோ பதிவான கணத்திலேயே சட்டப்படி உண்டாகிவிடுகிறது. அதற்கு விண்ணப்பமோ கட்டணமோ அரசு முத்திரையோ தேவையில்லை. ஆனால் உரிமை உண்டாவது வேறு, அது தமக்கு உரியது என்று சில ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றத்தின் முன்போ, ஒரு தளத்தின் புகார்ப் பிரிவின் முன்போ மெய்ப்பிப்பது வேறு. சட்டம் முதலாவதை இலவசமாகத் தந்துவிடுகிறது. இரண்டாவதைப் படைப்பாளரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. முகம் தெரியாதவர் திருடிவிடுவார் என்ற அச்சம் படைப்பாளர்களிடையே பரவலாக இருக்க, உடன் உழைத்த எடிட்டர், நட்புக்காகப் பின்னணி இசை அமைத்துத் தந்தவர், சேனலின் மின்னஞ்சல் கணக்கைத் தம் பெயரில் தொடங்கிய கூட்டாளி ஆகியோருடன் எழுத்தில் ஒன்றும் செய்துகொள்ளாமல் இருப்பதால் வரும் இழப்பை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே இந்த அத்தியாயம் திருட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடைமையைப் பற்றிப் பேசுகிறது.

சட்டம் காப்பது எதை

பதிப்புரிமை என்ற சொல் அச்சுத் தொழிலோடு சேர்ந்து வழக்கில் வந்ததால், அது ஏதோ பதிப்பாளருக்கு உரியது என்ற மயக்கம் தமிழில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது, ஒரு படைப்பை நகலெடுக்கவும், மக்களுக்கு எட்டச் செய்யவும், மொழிபெயர்க்கவும், வேறு வடிவத்துக்கு மாற்றவும் உரிமையாளருக்கு மட்டுமே உள்ள பல உரிமைகளின் தொகுப்பாகும். தொகுப்பாக இருப்பதால் அவற்றைப் பிரித்து, மொழிபெயர்ப்பு உரிமையை ஒருவருக்கும் ஒலிநூல் உரிமையை மற்றொருவருக்குமாகக் கொடுக்க முடிகிறது. எழுத்து, இசை, ஓவியம், நிழற்படம் ஆகியவற்றுக்கு இந்த உரிமை படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். யூடியூபில் ஏற்றப்படும் எந்தக் காணொளியும், அது கைப்பேசியில் எடுத்த அரை நிமிடத் துண்டாக இருந்தாலும், சட்டத்தின் சொல்வழக்கில் 'திரைப்படம்' என்ற வகைக்குள்தான் வருகிறது.

எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அந்த எண்ணம் வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு. 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு இதற்கான அடித்தளம். தம்முடைய நாடகத்தைத் தழுவி 'நியூ டெல்லி' என்ற இந்தித் திரைப்படம் எடுக்கப்பட்டதாக நாடக ஆசிரியர் தொடுத்த அவ்வழக்கில், மாநிலப் பற்று என்ற பொதுக் கருத்து இரண்டிலும் இருந்தாலும் அதைச் சொன்ன விதம் பெரிதும் வேறுபட்டிருப்பதால் உரிமை மீறல் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இதன்படி, ஊர் ஊராகச் சென்று பழைய உணவகங்களில் உண்டு விவரிப்பது என்ற திட்டத்தை எவரும் தமக்கே உரியது என்று வேலியிட முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு காணொளியின் உரை, காட்சிகள், அவை அடுக்கப்பட்ட முறை ஆகியவற்றை எடுத்தாண்டால் அது மீறலாகும். சமையல் குறிப்பிலும் பொருள்களின் வெறும் பட்டியலுக்குக் காப்பு எதிர்பார்ப்பதற்கில்லை. அதை விளக்கிச் சொன்ன நடைக்கும் படம்பிடித்த காட்சிக்கும் உண்டு. 'என் கான்செப்டைத் திருடிவிட்டார்கள்' என்ற குமுறல் நியாயமானதாகவே இருக்கலாம், ஆயினும் அது பெரும்பாலும் வழக்காக நிற்பதில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது வக்கீல் கட்டணத்தையாவது மிச்சப்படுத்தும்.

ஒரே காணொளிக்குள் எத்தனை பேர்

பத்து நிமிடக் காணொளி ஒன்றைச் சட்டத்தின் கண்ணால் பிரித்துப் பார்த்தால், அதில் ஓர் உரை இலக்கியப் படைப்பாகவும், மெட்டு இசைப் படைப்பாகவும், அந்த மெட்டை வாசித்துப் பதிந்தது ஒலிப்பதிவாகவும், தம்ப்நெயில் கலைப் படைப்பாகவும், எல்லாம் சேர்ந்த முழுமை திரைப்படமாகவும் இருக்கின்றன. பேசி நடித்தவருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' என்ற தனி உரிமையும் உண்டு. ஒவ்வொன்றின் முதல் உரிமையாளர் யார் என்பதைச் சட்டத்தின் பிரிவு 17 வகுக்கிறது. பொதுவிதி, படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும், அதை உருவாக்க முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்ற தயாரிப்பாளரே படைத்தவராகக் கொள்ளப்படுகிறார். கேமராவைப் பிடித்தவர் யார் என்பதைவிடச் செலவும் பொறுப்பும் யாருடையவை என்பதே இங்கு எடைபோடப்படுகிறது.

பொதுவிதிக்கு விலக்குகள் இருக்கின்றன, சிக்கல் தொடங்குவதும் அவற்றில்தான். மாதச் சம்பளத்துக்குப் பணிபுரியும் ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாத வரையில், வேலை தந்தவருக்கு உரியது. கூலி கொடுத்துச் செய்யச் சொன்ன நிழற்படம், ஓவியம், திரைப்படம் ஆகியவையும் அவ்வாறே செய்யச் சொன்னவருக்குப் போகின்றன. ஆனால் எழுத்தும் இசையும் இந்த இரண்டாவது பட்டியலில் இல்லை. அதனால், சம்பள ஊழியராக இல்லாமல் வேலைக்கு ஏற்பப் பணம் பெறும் ஒருவர் எழுதிக் கொடுத்த உரை, அதற்கான தொகை முழுவதும் கொடுத்து முடிக்கப்பட்டிருந்தாலும், எழுத்தில் உரிமை மாற்றம் இல்லையென்றால் எழுதியவருக்கே உரியதாக நிற்கிறது; சேனலுக்கென்று அமைக்கப்பட்ட தொடக்க இசையும் அப்படியே. லோகோவைப் பொறுத்த மட்டில் அது ஓவியம் என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பதிலேயே வாதத்துக்கு இடமுண்டு. பணம் கொடுத்தால் பொருள் கைக்கு வந்துவிட்டது என்ற கடைத்தெரு வழக்கம் பதிப்புரிமையில் செல்லாது என்பதை இத்துறைக்கு வரும் பலர் மிகத் தாமதமாகவே அறிகிறார்கள்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்குப் பிரிவு 19 சில கட்டாயங்களை விதிக்கிறது. மாற்றிக் கொடுப்பவரோ அவருடைய அதிகாரம் பெற்ற முகவரோ கையெழுத்திட்ட எழுத்துமூல ஆவணம் இல்லாமல் எந்த உரிமை மாற்றமும் செல்லாது. அந்த ஆவணம் எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பனவற்றைச் சொல்ல வேண்டும். காலம் சொல்லப்படவில்லையெனில் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு சொல்லப்படவில்லையெனில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்கிறது. உலகெங்கும் பார்க்கப்படும் ஒரு சேனலுக்கு 'இந்தியாவுக்குள் மட்டும்' என்ற உரிமை எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தத் தொடங்காவிட்டால், ஆவணத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலொழிய, அந்த மாற்றம் காலாவதியாகிவிடுகிறது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் மற்றொரு காப்பையும் சேர்த்தது: ஒப்பந்தம் செய்த காலத்தில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறித்திருந்தாலன்றி, மாற்றப்பட்டதாகக் கொள்ளப்படாது. உரிமை மாற்றத்தைவிட மென்மையான ஏற்பாடு 'உரிமம்' எனப்படுகிறது. உடைமை கொடுப்பவரிடமே இருக்க, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி தரும் இது, வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவதைப் போன்றது. இதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அடக்கலாம். எடிட்டருடனோ இசையமைப்பாளருடனோ செய்யும் எளிய ஒப்பந்தம், வேலை இன்னது, தொகை இவ்வளவு, இறுதிக் கோப்பும் புராஜெக்ட் கோப்பும் வெட்டப்படாத மூலக் காட்சிகளும் யாரிடம் இருக்கும், எந்தெந்த உரிமைகள் எத்தனை ஆண்டுக்கு உலகம் முழுமைக்கும் மாறுகின்றன, பெயர் எங்கே குறிப்பிடப்படும், வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற வினாக்களுக்கு விடை சொன்னால் போதும். கனத்த சட்ட நடை வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சேனலுக்கு இது இன்னும் இன்றியமையாதது. கணக்கைத் தொடங்கப் பயன்பட்ட மின்னஞ்சல் யாருடையது, வருமானம் எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது, ஒருவர் விலகினால் பழைய காணொளிகளும் பெயரும் யாரிடம் தங்கும் என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். மனக்கசப்பு வந்தபின் எவரும் கையெழுத்திடுவதில்லை.

உடைமையை மாற்றிக் கொடுத்த பின்னும் படைத்தவரிடம் எஞ்சியிருக்கும் இரண்டு உரிமைகளைப் பிரிவு 57 காக்கிறது: தாமே படைத்தவர் என்று உரிமை பாராட்டுவதும், தம் மதிப்புக்கோ பெயருக்கோ களங்கம் வரும்படி படைப்பு சிதைக்கப்பட்டால் தடுப்பதும். விஞ்ஞான பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சேதமடைந்த தம் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசின் மீதே தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் இந்த உரிமையை உறுதி செய்தது. எழுதிக் கொடுத்தவரின் பெயரை மறைப்பது வழக்கமாகிவிட்ட துறையில், இந்தப் பிரிவை அறிந்திருப்பது எழுதுபவருக்கும் நல்லது, எழுதி வாங்குபவருக்கும் நல்லது.

பிறர் படைப்பைக் கையாளும்போது

தமிழ் இணையவெளியில் கதை வாசிக்கும் சேனல்களும் பழைய பாடல்களைப் பற்றிப் பேசும் சேனல்களும் நிறைய இருப்பதால் இப்பகுதியைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். கல்கி 1954இல் மறைந்தவர்; 60 ஆண்டுக் கணக்குப்படி அவருடைய எழுத்துகள் 2014 முடிவில் பொதுவுடைமையாகியிருக்க வேண்டியவை, அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு அவற்றை நாட்டுடைமையாக்கிவிட்டது. நாட்டுடைமை என்பது, அரசு வழித்தோன்றல்களுக்கு ஒரு தொகை கொடுத்து, எவரும் அச்சிடவும் வாசிக்கவும் தக்கதாக நூல்களின் உரிமையைத் திறந்துவிடுவது. அதற்காக 'பொன்னியின் செல்வன்' தொடர்பான எல்லாம் திறந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது: கல்கியின் சொற்களை வாசித்துப் பதிவிடலாம், ஆனால் அந்தத் தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களுக்குக் கணக்குத் தனி, வேறொருவர் வாசித்து வெளியிட்ட ஒலிநூலுக்கு அந்த வாசிப்பைப் பதிந்தவரின் உரிமை தனி. சுஜாதா 2008இலும் ஜெயகாந்தன் 2015இலும் மறைந்தவர்கள். அவர்கள் வாழ்நாளில் வெளியான எழுத்துகள், இடையில் வேறு ஏற்பாடு வந்தாலொழிய, முறையே 2068, 2075 முடிவு வரை காப்பில் இருக்கும். ஆர்வத்தோடு ஒரு சிறுகதையை முழுமையாக வாசித்து ஏற்றுவது எழுத்தாளருக்குச் செய்யும் தொண்டு என்று வாசிப்பவர் எண்ணலாம். உரிமையாளரின் இசைவு இல்லாத வரை சட்டம் அதை மீறலென்றே எண்ணும்.

பாடலில் இந்த அடுக்குகள் இன்னும் நுட்பமாகின்றன. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றுக்கொண்டது, பின்னர் அவை மக்களுக்கே உரியவையாயின. ஆதலால் சொற்களைப் பாட எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1982இல் வந்த 'ஏழாவது மனிதன்' படத்தில் எல். வைத்தியநாதன் அதே பாடல்களுக்கு அமைத்த மெட்டுகளை எடுத்துக்கொண்டால், அவர் 2007இல் மறைந்தவராதலால் அம்மெட்டுகள் 2067 முடிவு வரை காப்பில் இருக்கின்றன. படத்தில் ஒலிக்கும் பதிவுக்கும் 60 ஆண்டுகள் நிறையவில்லை. ஒரே பாடலில் சொல் திறந்தும், மெட்டும் பதிவும் பூட்டியும் இருக்கின்றன. சொந்தமாக மெட்டமைத்துச் சொந்தக் குரலில் பாடுபவருக்கு எந்தத் தடையுமில்லை. படத்தின் மெட்டில் பாடுபவருக்கு இசை உரிமையாளரின் அனுமதி வேண்டும். படத்தின் பதிவையே பின்னணியில் ஓடவிடுபவருக்கு ஒலிப்பதிவு உரிமையாளரின் அனுமதியும் சேர்ந்து வேண்டும். தமிழ்த் திரையிசையில் இசையமைப்பாளருக்கும் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் இடையே நடந்த நெடிய வழக்குகள், இந்த அடுக்குகளில் எது யாரிடம் இருக்கிறது என்ற வினாவைச் சுற்றியே பெரும்பாலும் சுழன்றன.

அனுமதியின்றியே பிறர் படைப்பைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கும் சூழல்களும் உண்டு. பிரிவு 52 இவற்றைத் தொகுக்கிறது. அவற்றில் முதன்மையானது 'நியாயமான கையாளல்' எனப்படுவது. சொந்தப் பயன்பாடும் ஆய்வும், விமர்சனமும் திறனாய்வும், நடப்புச் செய்தியை அறிவித்தலும் என்ற மூன்று நோக்கங்களுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று அது கூறுகிறது. எத்தனை விநாடி, எத்தனை வரி என்ற எண்ணைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பத்து விநாடி வரை பிழையில்லை என்று உலவும் பேச்சுக்கு அடிப்படை கிடையாது. காணொளியின் கீழே உரிமையாளருக்கு நன்றி எழுதிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் இதே வகையைச் சேர்ந்தது. கேரள உயர் நீதிமன்றம் சிவிக் சந்திரன் வழக்கில் 1996இல், ஒரு நாடகத்தைப் பகடி செய்து எழுதப்பட்ட எதிர்நாடகத்தை ஆராய்ந்தபோது, எடுத்தாண்ட பகுதியின் அளவும் மதிப்பும், எந்த நோக்கத்துக்காக எடுக்கப்பட்டது என்பதும், இரண்டுக்கும் இடையே போட்டி எழ வாய்ப்புண்டா என்பதும் பார்க்கப்பட வேண்டியவை என்றது. திரை விமர்சனம் செய்பவர் இந்த மூன்றையும் தம் காணொளியின் மீது வைத்துப் பார்க்கலாம். ஒரு காட்சியை நிறுத்தி, அதன் ஒளியமைப்பைப் பற்றிப் பேசி, பேச்சுக்கு வேண்டிய துண்டை மட்டும் காட்டுபவர் வலுவான இடத்தில் நிற்கிறார். உச்சக்கட்டக் காட்சியை முழுவதும் ஓடவிட்டு ஓரத்தில் முகபாவம் மட்டும் காட்டுபவர் அவ்வாறு நிற்கவில்லை.

பெயரும் முகமும்

சேனலின் பெயரையும் லோகோவையும் காப்பது பதிப்புரிமையின் வேலையைவிட 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தின் வேலை. வணிகக்குறி என்பது ஒருவரின் சரக்கையோ சேவையையோ மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்க, பொழுதுபோக்கும் கல்வியும் வகுப்பு 41இல் வருகின்றன. இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு ரூ. 4,500 கட்டணம், இதழில் வெளியிடப்பட்டு 4 மாதம் எதிர்ப்புக்கு இடம் விட்ட பின் பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டவருக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 'தமிழ்ச் சமையல்' என்பது போலச் செய்யும் தொழிலையே விவரிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது அரிது. பெயர் சூட்டும் முன்பே பதிவகத்தின் பொதுத் தேடலில் பார்த்துக்கொள்வது பிறகு பெயரை மாற்றும் செலவைத் தவிர்க்கும். பதிவு செய்யாத பெயருக்கும் நற்பெயர் வளர்ந்திருந்தால், பிறர் அதைத் தம்முடையதாகக் காட்டி ஏய்ப்பதைத் தடுக்க வழக்குத் தொடரலாம், ஆனால் அந்த நற்பெயரை ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

மனிதர்களின் பெயரையும் முகத்தையும் கதையையும் பயன்படுத்துவதில், தமிழகத்தில் எழுந்த இரண்டு வழக்குகள் அடிப்படையானவை. கொலைக் குற்றவாளியான ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது குறித்து எழுந்த ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல், ஒருவரின் அந்தரங்கத்தை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது, ஆயின் நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்று எல்லை வகுத்தது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், ரஜினிகாந்தின் பெயரைத் தலைப்பில் தாங்கிய இந்திப் படத்துக்குத் தடை விதித்தபோது, புகழ்பெற்றவரின் பெயர், உருவம், பேசும் பாணி ஆகியவற்றின் மீது அவருக்குள்ள ஆளுமை உரிமையை ஏற்றது. பாடகரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகல் செய்வதைத் தடுத்து மும்பை உயர் நீதிமன்றம் 2024இல் ஆணையிட்டது இதன் நீட்சி. விளம்பரம் கலந்த காணொளியில் நடிகரின் குரலை நகல் செய்து சேர்ப்பவர் இந்த நீட்சியைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

குற்றச் செய்திகளைப் பேசும் சேனல்களுக்கு ஓர் எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதுவாயினும் அதை வெளியிடுவது போக்சோ சட்டத்தின் பிரிவு 23இன்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊரையும் பள்ளியையும் சொல்வது தப்பித்தல் ஆகாது. அவதூறு, குற்றங்களை வகுக்கும் சட்டமான பாரதிய நியாய சங்கிதையின் பிரிவு 356இல் குற்றமாக நீடிக்கிறது. சொன்னது உண்மை என்பது மட்டும் அங்கே போதாது, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காசு வாங்கிப் பேசும்போது

பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை மறைத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்குப் பொறுப்பாகலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை ரூ. 10 லட்சம் வரையும், மறுபடி நேர்ந்தால் ரூ. 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கவும், ஓராண்டு வரை விளம்பரத்தில் தோன்றத் தடை செய்யவும் அதிகாரம் பெற்றிருக்கிறது. விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 15 விநாடிக்கு மேற்பட்டு 2 நிமிடத்துக்கு உட்பட்ட காணொளியில் 'விளம்பரம்' என்ற குறி மூன்றில் ஒரு பங்கு நேரமாவது நிற்க வேண்டும், அதற்கும் நீண்டதில் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் நிற்க வேண்டும். விளம்பரதாரருடன் செய்யும் ஒப்பந்தத்தில், பொருளைப் பற்றிய கூற்றுகளுக்கு ஆதாரம் தரும் பொறுப்பு அவர்களுடையது என்றும், காணொளியை அவர்கள் தங்கள் விளம்பரமாக எத்தனை மாதம் ஓட்டலாம் என்றும் எழுதிக்கொள்ளாதவர்கள், ஒரு முறை வாங்கிய தொகைக்கு ஆண்டுக்கணக்கில் முகத்தை இரவல் கொடுத்தவர்களாகிவிடுகிறார்கள்.

நகல் எடுக்கப்பட்டால்

பிறர் தம் காணொளியை நகலெடுத்து ஏற்றியதைக் கண்டவுடன் படைப்பாளர் முதலில் செய்ய விரும்புவது கருத்துப் பகுதியில் சண்டையிடுவது. முதலில் செய்ய வேண்டியது ஆதாரத்தைப் பூட்டி வைப்பது. நகலின் இணைப்பு, தேதியும் நேரமும் தெரியும் திரைப்பதிவு, நகலை இறக்கிய கோப்பு ஆகியவற்றோடு, சொந்தக் காணொளியின் வெட்டப்படாத மூலக் காட்சிகளும் புராஜெக்ட் கோப்பும் சேர்த்து வைக்கப்பட வேண்டும். சாட்சியங்களுக்கான சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63, மின்னணு ஆவணத்தைச் சான்றாக ஏற்க ஒரு சான்றிதழைக் கோருகிறது; அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பு குறிக்கப்பட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணிக்கப்படும் எண்ணெழுத்துத் தொடர், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடுவதால் அது கைரேகை போலப் பயன்படுகிறது. வெளியிடும் நாளிலேயே ஹாஷைக் கணித்துக் குறித்துவைப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

இந்தக் கட்டத்தில்தான் பதிவின் அருமை புரிகிறது. பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், பதிவேட்டில் உள்ள விவரம் மறுக்கப்படும் வரை உண்மையெனக் கொள்ளப்படும் முதல்நிலைச் சான்று என்று பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 48 சொல்கிறது. எழுத்து, இசை, கலைப் படைப்புகளுக்கு ரூ. 500, ஒலிப்பதிவுக்கு ரூ. 2,000, திரைப்படத்துக்கு ரூ. 5,000 என்று கட்டணம் இருப்பதால், வாரம் இரண்டு காணொளி போடும் சேனல் எல்லாவற்றையும் பதிவு செய்வது அறிவுடைமையாகாது. தொடக்க இசை, தொடர்ந்து வரும் கதாபாத்திர வடிவம், பாடநெறியின் உரை போன்று மீண்டும் மீண்டும் வருவாய் தருபவற்றைப் பதிவு செய்தால் போதும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைப்பது பதிவுக்கு ஈடாகும் என்ற பழைய உத்திக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை.

தளங்களிடம் செய்யும் புகாருக்கு இரண்டு வழிகள் இருப்பதை வேறுபடுத்தி அறிய வேண்டும். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்பது, ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தானாகவே பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. அதன் விளைவு பெரும்பாலும் வருமானம் உரிமை கோரியவருக்குப் போவதோடு நிற்கும், சேனலுக்குக் கறை ஏற்படாது. நீக்கக் கோரிக்கை வழியாக வரும் 'ஸ்ட்ரைக்' கடுமையானது. 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படலாம். இந்த ஏற்பாடு 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து பிறந்தது. தவறான ஸ்ட்ரைக்குக்கு எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். கொடுத்தால் புகார் செய்தவர் அமெரிக்கக் கணக்கில் 10 வேலைநாட்களுக்குள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும், இல்லையேல் காணொளி திரும்ப வைக்கப்படும். எதிர் அறிவிப்புக் கொடுப்பவர் தம் மெய்ப்பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகும் என்பதையும், யூடியூப் அமைந்துள்ள கலிஃபோர்னியப் பகுதி நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகக் கையெழுத்திடுகிறார் என்பதையும் தெரிந்தே செய்ய வேண்டும். நியாயமான கையாளலில் அடங்கக்கூடிய துண்டுகளுக்கும் ஸ்ட்ரைக் வரலாம். 2025இல் ஒரு செய்தி நிறுவனத்தின் காட்சிகளைப் பயன்படுத்திய யூடியூபர்கள், ஸ்ட்ரைக்கை விலக்கப் பெருந்தொகை கேட்கப்பட்டதாகப் பொதுவெளியில் முறையிட்டபோது வெளிப்பட்டது இந்த இடைவெளிதான்: சட்டம் நீதிமன்றத்தில் தரும் காப்பு வந்து சேருவதற்குள் தளத்தின் விதி சேனலை முடக்கிவிடுகிறது.

இந்தியச் சட்டத்தின் வழியும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் விதி 75இன்படி, எழுத்துமூலப் புகாரைப் பெற்று அதில் பொருள் இருப்பதாக நிறைவடைந்த தளம், 36 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்புக்கான அணுகலை 21 நாட்களுக்கு முடக்க வேண்டும். அதற்குள் புகார் செய்தவர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் அதைத் திறந்துவிடலாம். ஆகவே புகார் அனுப்பும் நாளிலேயே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. பொதுவாக எதிராளி இருக்கும் இடத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்றிருக்க, பிரிவு 62 பதிப்புரிமை வழக்கில் வாதி தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் மாவட்ட அளவிலான நீதிமன்றத்திலேயே தொடர அனுமதிக்கிறது. நகலெடுத்தவர் டெல்லியில் இருந்தாலும் மதுரையில் வாழ்ந்து தொழில் செய்யும் படைப்பாளர் மதுரையிலேயே வழக்காடலாம். தெரிந்தே செய்யும் மீறல் பிரிவு 63இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் தரத்தக்க குற்றமுமாகும். இது காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. இழப்பீடு கோரும் வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டுகள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் சட்டம் ஒரு கருவி தந்திருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. பதிப்புரிமையின் பெயரால் ஆதாரமில்லாமல் மிரட்டப்படுபவர், பிரிவு 60இன்படி, அந்த மிரட்டல் அடிப்படையற்றது என்ற அறிவிப்பையும் தடையாணையையும் நேர்ந்த இழப்புக்கு ஈடும் கோரி வழக்குத் தொடரலாம். மிரட்டியவர் தாமதமின்றி உரிமை மீறல் வழக்கைத் தொடுத்துவிட்டால் மட்டும் இந்த வழி அடைபடும். வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்ததுமே அஞ்சிக் காணொளியை நீக்கிப் பணத்தையும் கொடுத்துவிடுவதற்கு முன், நோட்டீஸில் எந்தப் படைப்பு, அதில் அவர்களுக்குள்ள உரிமை எந்த ஆவணத்தால் வந்தது, காணொளியின் எந்த நிமிடத்தில் மீறல் என்ற மூன்றும் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, சொல்லப்படாவிட்டால் அவற்றைக் கேட்டு எழுத்தில் பதிலனுப்புவதே முறை. அப்பதிலின் நகலும் முன்சொன்ன கோப்புகளோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும்.